தோற்ற குலங்களின் காதல் கதை

(மும்பை முலுண்டில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பை அழைப்பிதழில் பார்த்த பலர், ஸ்காட்லாந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பீர்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களைக் கேட்டால் சம்பந்தம் தெரியும். அட்டையில் சட்டையில்லாத ஓர் ஆண், இடுப்பில் கட்டம்போட்ட பாவாடை மாதிரி ஒரு துணி, பின்னால் மலை, மஞ்சு, இடிந்த கோட்டை, அவன் தோளில் சாய்ந்தபடி எதிரிக் குலத்துப் பெண். நூறு புத்தகம் கிடந்தால் நாலைந்து இந்த ரகம். நம் வீட்டுப் பிள்ளைகள் அதைப் புத்தகமாகப் படிப்பதை விட்டுவிட்டார்கள். செல்போனில் 'அவுட்லேண்டர்' தொடராகப் பார்க்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஒரு ஆங்கில நர்ஸ், மந்திரக் கல் ஒன்றைத் தொட்டு 1743க்குப் போய் விழுகிறாள். அங்கே ஒரு மலைநாட்டு இளைஞனைக் கட்டிக்கொள்கிறாள். 1991இல் அந்த நாவலை எழுதிய டயானா கபால்டன் அமெரிக்காவின் அரிசோனாக்காரர். முதல் நாவலை எழுதும்போது அவர் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்ததே இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. சோழநாட்டைப் பார்க்காமலேயே சோழர் கதை எழுதியவர்கள் நம்மிடமும் உண்டு.

இந்தக் கதைகளின் சட்டகம் எளிது. மலைநாட்டில் இரண்டு குலங்கள். தலைமுறை தலைமுறையாகப் பகை. மாடு திருடுவார்கள், வீடு கொளுத்துவார்கள், விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தறுப்பார்கள். இதில் கற்பனை குறைவுதான். 1692 பிப்ரவரி 13 அதிகாலையில் கிளென்கோ பள்ளத்தாக்கில் மக்டொனால்டு குலத்தவரைக் கொன்ற சிப்பாய்கள், அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் அவர்கள் வீட்டிலேயே தங்கி அவர்கள் உப்பைத் தின்றவர்கள். அந்தப் படையின் தலைவன் கேம்பல் குலத்தவன். இந்தப் பகைக்கு நடுவில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பின்னணியில் லண்டன் அரசாங்கத்தின் சிவப்புச் சட்டைப் பட்டாளம். சில குலங்கள் அரசாங்கத்தோடு, சில குலங்கள் அரியணை இழந்த குடும்பத்து இளவரசன் சார்லஸோடு.

இதைக் கேட்டதும் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிய சிற்றரசர் கூட்டம் நினைவுக்கு வந்திருக்கும். வர வேண்டும். மூடுபல்லக்கில் ரகசியமாகக் கொண்டுவரப்படும் மதுராந்தகன், பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் சார்லஸ் இளவரசனுக்கு ஒரு வகையில் அண்ணன் முறை. பழுவேட்டரையர் ஒரு பக்கம், கொடும்பாளூர் வேளிர் மறுபக்கம். இரண்டு குடிக்கும் ஜன்மப் பகை. நடுவில் சொந்த ராஜ்யம் இல்லாத வாணர் குலத்து வாலிபன் வந்தியத்தேவன். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாரா வாரம் 'கல்கி'யில் நாம் படித்தது ஒரு குலக்கதை. ராஜராஜனின் கதை என்று அட்டையில் போட்டுக்கொண்டதால் அது நமக்கு உறைக்கவில்லை.

முதலில் ஸ்காட்லாந்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1746 ஏப்ரல் 16, கலோடன் சதுப்புவெளி. சார்லஸ் இளவரசனுக்காக வந்த மலைநாட்டுக் குலங்கள் கையில் பட்டாக்கத்தியோடு பீரங்கியை நோக்கி ஓடின. சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதன் பிறகு சட்டங்கள் வந்தன. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கட்டம்போட்ட மலைநாட்டு உடை அணியக் கூடாது, பட்டாளத்தில் சேர்ந்தவன் மட்டும் அணியலாம். குலத்தலைவன் தன் ஆட்களுக்கு நியாயம் தீர்த்துத் தண்டனை கொடுக்கும் பரம்பரை உரிமை போனது. அது போனதும் தலைவன் வெறும் நிலச்சுவான்தார் ஆனான். நிலச்சுவான்தாருக்கு வாளெடுக்கும் ஆள் எதற்கு? குத்தகைதான் வேண்டும். மனிதனைவிட ஆடு கூடுதல் குத்தகை தரும் என்று கணக்குப் போட்டதும், தலைமுறை தலைமுறையாகத் தமக்காக ரத்தம் சிந்தியவர்களின் வாரிசுகளைக் குலத்தலைவர்களே வெளியேற்றினார்கள்.

1814 கோடையில் சதர்லாந்து எஸ்டேட்டின் ஏஜெண்டு பேட்ரிக் செல்லர், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களைக் காலிசெய்து கூரை மரங்களுக்குத் தீ வைத்தான். அதே 1814 கோடையில், ஜூலை மாதம், எடின்பரோவில் ஒரு நாவல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் போடாத அந்த நாவல் 'வேவர்லி'. எழுதியவர் வால்டர் ஸ்காட். கலோடனில் முடிந்த கலகத்தையும் மலைநாட்டுக் குலத்தலைவனையும் அவன் தங்கையையும் வைத்து எழுதியது. நாடே படித்து உருகியது. குடியானவனின் வீடு எரிகிறது, அவன் பாட்டனின் வீரம் விற்பனையாகிறது. எட்டு வருஷம் கழித்து 1822இல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பை நடத்தி வைத்தவரும் ஸ்காட்தான். மன்னர் முழங்காலுக்கு மேலே மலைநாட்டு உடையும் அதற்குள்ளே ரோஸ் நிறக் காலுறையும் போட்டுக்கொண்டு நின்றார். எந்த உடைக்காகப் பாட்டன் காலத்தில் சிறைக்குப் போனார்களோ அது அரண்மனை வேஷமாயிற்று. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்று இன்று கடைகளில் விற்கிறார்களே, அந்த அட்டவணையில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைத்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். குலக் காதல் கதை, குலம் உடைந்த பிறகுதான் பிறக்கிறது. பல் பிடுங்கிய பிறகுதான் பாம்பு அழகாகத் தெரியும். மக்டொனால்டும் கேம்பலும் இன்று கல்யாணம் செய்துகொண்டால் எந்த அண்ணனும் அரிவாள் எடுக்க மாட்டான். அதனால் அங்கே எழுத்தாளருக்குப் பயமில்லை, வாசகருக்கும் இல்லை. நம்முடைய நிலைமை அப்படியா என்பதைப் பிறகு பார்ப்போம்.

உடைந்த குலத்து மனிதர்கள் எங்கே போனார்கள்? கனடாவுக்குப் போனார்கள், அமெரிக்காவுக்குப் போனார்கள், பட்டாளத்தில் சேர்ந்து நம் ஊருக்கும் வந்தார்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைமீது ஏறிய படைக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்ட் ஸ்காட்லாந்துக்காரர். அவரோடு மலைநாட்டு ரெஜிமெண்டுகளும் ஏறின. மைசூரைப் பற்றி ஸ்காட்டே ஒரு கதை எழுதியிருக்கிறார். 1827இல் வந்த 'சர்ஜனின் மகள்' கதையில் ஒரு ஸ்காட்லாந்து கிராமத்து டாக்டரின் பெண்ணை ஏமாற்றி சென்னைக்கு வரவழைத்து, திப்புவுக்குக் கொடுக்கப் பார்க்கிறான் ஒரு பாவி. ஹைதர் அலி நியாயம் தீர்க்கிறார். யானை அந்தப் பாவியை மிதிக்கிறது. இந்தியாவையே பார்க்காமல் எழுதிய கதை அது, வாசனையும் அப்படித்தான். பிற்காலத்தில் அவர் மகன்தான் பட்டாளத்து அதிகாரியாகத் தென்னிந்தியாவுக்கு வந்தார். 1847இல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தார்.

நம் கதைக்கு முக்கியமானவர் வேறொருவர். அவர் பெயர் காலின் மெக்காலே. நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்தாரே மெக்காலே பிரபு, அவருடைய பெரியப்பா. கலோடனில் தோற்றுப்போன சார்லஸ் இளவரசன் தீவு தீவாக ஒளிந்து திரிந்தபோது அவன் தலைக்கு 30,000 பவுண்டு விலை வைத்திருந்தார்கள். அவன் வந்து இறங்கிய செய்தியைத் தெற்கு உயிஸ்ட் தீவிலிருந்து துப்புக் கொடுத்தவர் ஜான் மெக்காலே என்ற பாதிரியார். அந்தத் துப்பை வைத்துப் பிடிக்கப் பார்த்தவர் அவர் அப்பா ஆலே மெக்காலே. இளவரசன் தப்பிவிட்டான். அந்த ஜான் மெக்காலேயின் மகன்தான் காலின். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, 1801இல், மேஜர் காலின் மெக்காலே எங்கே நிற்கிறார் தெரியுமா? ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில்.

தாராவியிலிருந்து வந்திருக்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைக் கும்பினியார் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தப்பினார். இடித்த கோட்டையை ஒரு வாரத்துக்குள் எழுப்பினார். மார்ச் 31 அன்று மெக்காலேயின் படை ஏறிப் பார்த்துத் தோற்றது. பிறகு கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்து, மே 24 அன்று கோட்டையைப் பிடித்தார். கோட்டையை மட்டம் தட்டினார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே பதிவேடுகளிலிருந்து எடுத்துவிட உத்தரவாயிற்று. மலைநாட்டில் மெக்ரிகர் குலத்துக்கும் இதேதான் நடந்தது: 1603இல் அந்தப் பெயரை வைத்துக்கொள்வதே குற்றம் என்றார்கள், 1774இல்தான் அந்தத் தடையை முழுதாக விலக்கினார்கள். பிறகு பாளையங்களுக்கும் அதே மருந்து. ஆயுதம் ஒப்படை, கோட்டையை இடி, பாளையக்காரன் இனி ஜமீன்தார், கிஸ்தி கட்டு. தங்கள் மலையில் பாட்டன்மார் அனுபவித்த சட்டத்தை ஸ்காட்லாந்து அதிகாரிகள் நம் செம்மண்ணில் மனப்பாடமாக ஒப்பித்தார்கள் என்று தோன்றுகிறது.

அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830இல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். அதில் வரும் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

கோட்டை விழுந்த அன்று தப்பி ஓடியவர்களில் பலர் வழியெல்லாம் வெட்டுண்டு கிடந்தார்கள். இருட்டிய பிறகு பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் ஆண்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒரு தாய்க்குத் தன் மகன் கிடைத்தான், உயிர் இருந்தது. தூக்கப் போனாள். அவன், என்னை விடம்மா, அங்கே சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனைக் கிடத்திவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். எட்டயபுரம் கும்பினி பக்கம். கிளென்கோக் கதையில் கேம்பல்கள் இருந்த இடத்தில் இங்கே அவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் என்ன செய்தார்கள்? காயம்பட்டவரை வெள்ளைத் துணியால் மூடி, வைசூரி வாரிக்கொண்டு போய்விட்டது என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் பின்வாங்கி ஓடினார்கள். ஊமைத்துரை பிழைத்தார்; சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார்.

1746 ஜூனில் ஃப்ளோரா மக்டொனால்டு என்ற இருபத்துநாலு வயதுப் பெண் செய்ததும் இதே மாதிரி காரியம். சார்லஸ் இளவரசனுக்குப் பெண் வேஷம் போட்டு, பெட்டி பர்க் என்ற அயர்லாந்து வேலைக்காரி என்று பொய் சொல்லி, படகில் ஸ்கை தீவுக்குக் கடத்தினாள். பிடிபட்டு லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டாள், பொதுமன்னிப்பில் வெளியே வந்தாள். 1773இல் டாக்டர் ஜான்சன் அவள் வீட்டுக்கே தேடிப்போய் விருந்தாளியாகத் தங்கினார். இன்வர்னஸ் கோட்டை வாசலில் அவளுக்குச் சிலை உண்டு. பாட்டு உண்டு, பிஸ்கட் டப்பாவில் படம்கூட உண்டு. நம் பெண்ணுக்கு? வெல்ஷ் அவள் பெயரைக் கேட்டு எழுதவில்லை. ஃப்ளோரா பணயம் வைத்தது தன் பத்திரத்தை. இவள் கொடுத்தது பெற்ற பிள்ளையை. அந்த மகனுக்குக் கட்டிக்கொடுக்க யாரையாவது பேசி வைத்திருந்தார்களா, அவனுக்காக வேறு யாராவது அந்த இருட்டில் தேடிக்கொண்டிருந்தாளா என்று ஒரு நாவலாசிரியனுக்குத் தோன்ற வேண்டாமா?

தோன்றியவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதுதான் விஷயம். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் வெள்ளையத்தேவனுக்கும் வெள்ளையம்மாளுக்கும் காதல் உண்டு, மஞ்சுவிரட்டு உண்டு. பத்மினியும் ஜெமினி கணேசனும் இருக்கும்போது அதில் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எழுத்தில் இந்த வகைக்கு மிக நெருங்கி வந்தவர் கல்கி. 'சோலைமலை இளவரசி' என்ற சின்ன நாவல். 'பொன்னியின் செல்வ'னின் நிழலில் அது மறைந்துபோனது. இரண்டு பாளையங்கள், மாறனேந்தல், சோலைமலை. இரண்டுக்கும் பகை. சோலைமலை மகாராஜா வெள்ளைக்காரர்களுக்கு நண்பர். அவர்களோடு போராடித் தோற்ற மாறனேந்தல் இளவரசன் உலகநாதத்தேவன் உயிர்தப்பி ஓடிவந்து எதிரியின் கோட்டைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறான். எதிரியின் மகள் மாணிக்கவல்லி அவனுக்குச் சோறு கொண்டுவருகிறாள். ஸ்காட் இதைப் படித்திருந்தால் கல்கியின் கையைக் குலுக்கியிருப்பார்.

ஆனால் கல்கி இந்தக் கதையை நேராகச் சொல்லவில்லை. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் போலீசுக்குத் தப்பி, பாழடைந்த சோலைமலைக் கோட்டையில் பதுங்கும் குமாரலிங்கம் என்ற தேசபக்தனின் பூர்வஜன்ம ஞாபகமாகச் சொல்கிறார். பாளையக் காலத்தைக் கனவுக்குள் வைத்துவிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோழர் கதையைப் பட்டப்பகலில், ஐந்து பாகம் எழுதும் துணிச்சல் அவருக்கு இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய பாளையக்காரன் கதைக்குக் கனவு தேவைப்பட்டது. ஏன்? நான் நினைப்பது இது. பழுவேட்டரையர் குலத்துக்குக் கீழப்பழுவூர்க் கோயில் கல்வெட்டுகள் உண்டு, கொடும்பாளூராருக்கு மூவர் கோயில் உண்டு. கல்கி காலத்தில் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்து வீட்டில் சொந்தக்காரர் இல்லை. பாளையக்காரருக்கோ பக்கத்து வீட்டில் மட்டுமா, பக்கத்துத் தேர்தல் தொகுதியிலும் சொந்தக்காரர் உண்டு. ஒரு பாளையத்து இளவரசியை யார்மீது காதல்கொள்ள வைக்கிறோம் என்பது இலக்கியக் கேள்வியாக மட்டும் நிற்காது. கல்கி தம் சோழர் நாவலில் குலப்பெயர்களை வாரி இறைத்தார், சாதிப் பெயரைப் பெரும்பாலும் தொடவில்லை. இன்றைக்கு அந்த நாவல் பாத்திரங்களுக்கே சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவர் அதைப் பார்க்காமல் போனது நல்லதுதான்.

நம்முடைய இந்தத் தயக்கம் எல்லா மொழியிலும் இல்லை. மலையாளத்தில் சி. வி. ராமன் பிள்ளை 1891இல் 'மார்த்தாண்ட வர்மா' எழுதினார். திருவிதாங்கூர் இளவரசனுக்கும் எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்களுக்கும் நடந்த பகை அதன் கரு. களத்தில் ஒரு பகுதி பத்மநாபபுரம், இன்றைய நம் கன்னியாகுமரி மாவட்டம். ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'வைப் படித்த சூட்டோடு எழுதியது என்பது வெளிப்படை. தமிழில் சரித்திர நாவலைத் தொடங்கி வைத்தவர் திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை, 1895இல் வந்த 'மோகனாங்கி' நாயக்கர் காலத்துக் காதல் கதை. மராத்தியில் ஹரி நாராயண் ஆப்டே ஸ்காட் வழியில் சிவாஜி காலத்தை எழுதினார். நமது சாண்டில்யனும் இந்தக் கொங்கணக் கடற்கரைக்கே வந்துவிட்டார்: 'ஜலதீபம்' மூன்று பாகமும் கானோஜி ஆங்கரேயின் கடற்படையைச் சுற்றியது. கேட்வேயில் படகேறி அலிபாக் போனால் அவருடைய கொலாபா கோட்டையைப் பார்க்கலாம். ஆனால் சாண்டில்யனின் வர்ணனைகளை மனதில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போகாதீர்கள்.

மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு குலக்கதை பேசுகிறோம், ஜிஜாபாயைச் சொல்லாமல் போகக் கூடாது. சிந்த்கேட் ஜாதவ் குலத்தில் பிறந்தவர். பக்கர் என்ற மராத்தி வரலாற்று நூல்களின் கதைப்படி, ஹோலிப் பண்டிகையில் குழந்தை ஜிஜாபாயும் மாலோஜி போன்ஸ்லேயின் மகன் ஷாஹாஜியும் வண்ணம் தூவி விளையாடியதைப் பார்த்து, ஜிஜாபாயின் அப்பா லகுஜி ஜாதவ் வேடிக்கையாக, இந்த இரண்டும் நல்ல ஜோடி என்றாராம். மாலோஜி உடனே எழுந்து, சபையோர் சாட்சி, சம்பந்தம் முடிந்தது என்றாராம். ஜாதவ் வீட்டில் கொதித்தார்கள்: நம் அந்தஸ்து என்ன, அவர்கள் அந்தஸ்து என்ன? கல்யாணம் நடந்தது, பகையும் நடந்தது. அரசவை வாசலில் ஒரு யானை மிரண்டு ஏற்பட்ட கலவரத்தில் இரண்டு வீட்டாரும் வாளெடுத்தார்கள். ஜிஜாபாயின் அண்ணன் ஒருவரும் கணவரின் பங்காளி ஒருவரும் செத்தார்கள். 1629இல் லகுஜியையும் மகன்களையும் நிஜாம்ஷாஹி தர்பாரிலேயே வெட்டிப் போட்டார்கள். பிறந்த வீட்டு ரத்தமும் புகுந்த வீட்டு ரத்தமும் பார்த்த அந்தப் பெண் சிவாஜியை வளர்த்தார் என்ற இடத்துக்குக் கதை ஓடிவிடுகிறது. நடுவில் அவர் அழுதாரா என்று யாரும் கேட்பதில்லை. அவர் கணவர் ஷாஹாஜிக்கு இன்னொரு மனைவியிடம் பிறந்த ஏகோஜிதான் பிறகு தஞ்சாவூரில் மராத்திய அரசை நிறுவியவர் என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கான உபரிச் செய்தி.

இந்த ரகக் கதைகளில் பெண்ணைக் கேட்பதே இல்லை. குல மானத்துக்கு என்ன விலை என்றாவது கேட்ட ஒரு பழைய இடம் தமிழில் உண்டு. அதைப் புலவர்கள்தான் படிக்கிறார்கள், நாவலாசிரியர்கள் படிப்பதாகத் தெரியவில்லை. புறநானூற்றின் கடைசிப் பகுதியில் ஏறக்குறைய இருபது பாட்டு, மகட்பாற்காஞ்சி என்ற துறை. ஒரு தொல்குடித் தலைவன், அரசன் இல்லை, ஊர்த்தலைவன். அவனுக்கு ஒரு மகள். பெருவேந்தன் பெண் கேட்டு வருகிறான். தலைவன் கொடுக்க மாட்டேன் என்கிறான். முத்தும் பொன்னும் குவித்தாலும் கொடுக்க மாட்டேன் என்கிறான். அண்ணன்மார் வேலைத் தீட்டுகிறார்கள். வேந்தனின் யானைகளை ஊர் மரங்களில் கட்டியாயிற்று. புலவர் ஊரைப் பார்க்கிறார்: குளம், வயல், மருத மரம், மதில், இதெல்லாம் நாளைக்கு என்ன ஆகும்? பரணர் பெண்ணின் தாயைத் திட்டுகிறார், ஊரைக் கெடுக்கும் அழகை வளர்த்துவிட்டாளே என்று.

சண்டை முடிவு பாட்டில் இல்லை. கல்யாணமும் இல்லை. பெண் எதுவும் பேசுவதில்லை. அவள் தலைமுடியும் தேமலும்தான் வர்ணிக்கப்படுகின்றன. ஆனாலும் இந்தப் பாட்டுகளில் ஒரு நேர்மை இருக்கிறது. குல மானத்துக்கு விலை என்ன என்று அவை மறைக்காமல் சொல்கின்றன: ஒரு முழு ஊர். ஸ்காட்டின் கதையில் கோட்டை எரிந்தால் அது இயற்கைக் காட்சி. இங்கே எரியப்போவது நெல்வயல். மூவேந்தர் முற்றுகையிட்ட பறம்பு மலை, இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை, முந்நூறு ஊரோடு போனது. பறம்பின் தலைவன் பாரி செத்தபின் அவன் மகளிரைக் கபிலர் விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் கூட்டிப்போய், ஏற்றுக்கொள் என்கிறார். இருங்கோவேளுக்கு நாற்பத்தொன்பது தலைமுறைக் குலப்பெருமையை எடுத்துச் சொல்கிறார். ஏற்கவில்லை. குலப்பெருமை பேசியதே மிச்சம். வேந்தரைப் பகைத்துக்கொள்ள வேளிருக்குப் பயம். திருக்கோவலூர்க் கல்வெட்டு மலையனுக்குக் கொடுத்ததாகச் சொல்கிறது. சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரா வாரம் அவ்வளவு பேர் காத்திருந்ததற்கு ஒரு காரணம், வேந்தர் பக்கம் நிற்காமல் மலைக்குடி பக்கம் நின்று கதை சொன்னது என்று நினைக்கிறேன்.

அதே வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலிலிருந்து கடைசி விஷயத்துக்கு வருகிறேன். முன்னே சொன்ன மெக்ரிகர் குலத்து ராப் ராயை ஸ்காட் பெரிய வீரனாக்கினார். அந்த மனிதன் பார்த்த தொழில்களில் ஒன்று மாட்டுக் காவல். காவல் பணம் கொடுத்தால் மாடு தொலையாது, கொடுக்காவிட்டால் தொலைந்துவிடும். இது நமக்குத் தெரியாத தொழிலா? தென்பாண்டிச் சீமையில் தேசகாவல், ஸ்தலகாவல் என்று முறையாக இருந்தது. களவு போனால் காவல்காரர் மீட்டுத்தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். அங்கும் இங்கும் அரசாங்கம் இதை ஒழித்தது. ஒழித்த விதத்தில்தான் இரண்டு நாட்டு இலக்கியமும் பிரிந்தன. மலைநாட்டுக் காவல்காரனுக்குச் சட்டை கொடுத்து 'பிளாக் வாட்ச்' என்ற ரெஜிமெண்டில் சேர்த்தார்கள், பிறகு நாவலில் சேர்த்தார்கள். நம் காவல்காரனைக் குற்றப்பரம்பரைப் பட்டியலில் சேர்த்தார்கள். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது; அடுத்த சில ஆண்டுகளில் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. ஊர் ஊராகக் கைரேகை எடுத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. இந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் போனது. இந்தக் காவல்காரர்களைப் பற்றிய 'காவல் கோட்டம்' 2011இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அது பெரிய நாவல். ஆனால் யாரும் அதைக் காதல் கதை என்று சொல்லமாட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் பெயர் பதிந்த ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போனால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான அன்றைக்கே புதுமாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போய்ப் படுத்த கதைகளை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இது நடந்து நூறு வருஷம் ஆகிறது. ஸ்காட் 'வேவர்லி'யை எழுதியது கலோடனுக்கு அறுபத்தெட்டு வருஷம் கழித்து. கணக்குப்படி நமக்கும் நேரம் வந்துவிட்டது. இங்கே நாடகம் போடும் இளைஞர்கள் இருக்கிறார்கள், கதை எழுதும் பெண்களும் இருக்கிறார்கள். மதுரையிலும் ஓட்டப்பிடாரத்திலும் இருந்துகொண்டு எழுதுகிறவனை அவன் தெருவே நிறுத்திக் கேள்வி கேட்கும். மும்பையில் உங்கள் மாடி வீட்டுக்காரர் குஜராத்தி, எதிர்வீட்டுக்காரர் மராத்தி. பாஞ்சாலங்குறிச்சித் தாயின் மகனுக்கு ஒரு காதலியைக் கொடுத்தாலும், கொடுக்கும் பெண்ணை எந்தத் தெருவிலிருந்து கொடுத்தாலும், முலுண்டில் அரிவாளோடு யாரும் வரப்போவதில்லை. எழுதுங்கள், முதல் வாசகனாக நான் இருக்கிறேன்.